சூடு காட்டினால் போதுமா? மிஞ்சிய சோறும் வயிற்றுப்போக்கும்

தைப்பூசத்துக்கு மறுநாள் பினாங்கில் எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு வாந்தி. தண்ணீர்மலைப் பந்தல்களில் சாப்பிட்டதைச் சந்தேகித்தோம். பார்த்தால், ராத்திரி முழுக்க அடுப்படியில் மூடிவைத்த வெள்ளைச் சோற்றில் காலையில் முட்டை போட்டுப் பிரட்டிய நாசி கோரெங் மேல்தான் சந்தேகம் விழுந்தது. "சூடாகத்தானே சாப்பிட்டோம்?" என்றார் அத்தை.

அங்கேதான் வினை. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் கொதியில் சாவதில்லை. சோறு ஆறாமல் வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த வாந்தி நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது.

1. சோற்றை ஆற்றுங்கள். பானையோடு விட்டால் நடுச்சோற்றின் சூடு மணிக்கணக்கில் இறங்காது. தாம்பாளத்தில் பரப்பி, காற்றாடியைப் போடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் தட்டையான டப்பாக்களில் ஐஸ் பெட்டிக்குள் போகட்டும். உள்ளே 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். மறுநாளே தீர்த்துவிடுங்கள்.

2. மற்றவை. தேங்காய்ப்பால் கறி, தப்பாவ் செய்த (கடையில் பொட்டலம் கட்டி வாங்கிய) நாசி லெமாக் எனும் தேங்காய்ப்பால் சோறு எதுவும் வெளியில் இரண்டு மணி நேரம் தாண்டக்கூடாது. வெக்கை 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம்தான். பச்சைக் கோழிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி.

3. வாந்தியோ போக்கோ வந்துவிட்டால் தண்ணீர்தான் மருந்து. ஃபார்மசியில் ஓஆர்எஸ் எனும் உப்பு-சர்க்கரைத் தூள் பாக்கெட் கிடைக்கும். இல்லையா? கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு பிசகக்கூடாது, உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். மிச்சத்தை 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். நம் ஊரில் உடனே நீட்டும் ஐசோடோனிக் பானத்தில் (விளையாட்டு வீரர்கள் குடிப்பது) இனிப்பு அதிகம், உப்பு குறைவு. அது இதற்கு ஈடாகாது.

4. கிளினிக்குக்கு எப்போது? மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, மூன்று நாளாகியும் நிற்கவில்லை என்றால். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் காத்திருக்கவே வேண்டாம். மயங்கினால் அவசர எண் 999. ரத்தமோ காய்ச்சலோ இருக்கையில் போக்கை நிறுத்தும் மாத்திரையைத் தொடாதீர்கள்.

5. எல்லாம் நின்று 48 மணி நேரம் வரை பிறருக்குச் சமைக்காதீர்கள். அத்தை அந்த இரண்டு நாளும் அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு, என் ரசத்துக்குக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.