அமெரிக்கா வந்தபின் மாஸ்டர்ஸ் துறை மாறுவது: எதை முதலில், எதைப் பிறகு

மெக்கானிக்கலில் இடம் கிடைத்து வந்தபின் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு, உயிரியலில் சேர்ந்தபின் பயோஸ்டாடிஸ்டிக்ஸுக்கு மாற நினைப்பவர்கள் நிறையப் பேர். மாற முடியும். ஆனால் வேலைகளின் வரிசை தவறினால் விசா நிலையே பறிபோகும். புதிய துறையின் அனுமதி எழுத்தில் கைக்கு வந்து, டிஎஸ்ஓ எனப்படும் சர்வதேச மாணவர் அலுவலரிடம் பேசி முடிக்கும்வரை இப்போதுள்ள பாடங்களில் ஒன்றைக்கூட விட்டுவிடாதீர்கள்.

எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் இருப்பவர் இலையுதிர், வசந்த பருவங்கள் இரண்டிலும் முழுநேரம் படிக்க வேண்டும். மாஸ்டர்ஸுக்குப் பல பல்கலைக்கழகங்களில் அது 9 கிரெடிட். எப்படியும் மாறத்தானே போகிறோம் என்று 3 கிரெடிட் பாடம் ஒன்றை விட்டால் 6 ஆகிவிடும். டிஎஸ்ஓவின் முன்அனுமதி இல்லாமல் அப்படிக் குறைந்தால், வெளிநாட்டு மாணவர்களைக் கண்காணிக்கும் அரசுத் தரவுத்தளமான செவிஸில் உள்ள உங்கள் பதிவு ரத்தாகலாம். ஆன்லைன் பாடத்தைச் சேர்த்து ஈடுகட்டலாம் என்றால், பருவத்துக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான், அதுவும் 3 கிரெடிட் வரைதான், கணக்கில் வரும்.

துறை தரப்பில் பெரும்பாலான விண்ணப்பங்கள் சறுக்குவது முன்தேவைப் பாடங்களில்தான். ஆர்வத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவதைவிட ஒரு பக்க அட்டவணை நன்றாகப் பேசும். இடப்பக்கம் புதிய துறை கேட்கும் பாடம். வலப்பக்கம் நீங்கள் இளங்கலையில் படித்த பாடம், கிரேடு, சிலபஸில் அது வரும் அலகு. பாடத்தின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். 'புரோகிராமிங் அண்ட் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்' என்று மார்க் ஷீட்டில் இருக்கும். சிலபஸைத் திறந்தால் பாதி சி மொழி, மீதி ஸ்டாக், க்யூ, லிங்க்ட் லிஸ்ட். ஹேஷிங், கிராஃப், பேலன்ஸ்ட் ட்ரீ எதுவும் இருக்காது. அந்த இடத்தில்தான் துறை 'போதாது' என்று எழுதும். கல்லூரி முத்திரையுள்ள முழு சிலபஸை இப்போதே வரவழையுங்கள். அதற்கு வாரங்கள் ஆகும். அட்டவணை தயாரானதும் புதிய துறையின் பட்டமேற்படிப்பு ஒருங்கிணைப்பாளரிடம் நேரம் கேளுங்கள்.

விடுபட்ட பாடங்களை 'லெவலிங்' என்று இங்கேயே எடுக்கச் சொல்வார்கள். கட்டணம் உண்டு, பட்டத்துக்கான கிரெடிட்டில் பெரும்பாலும் சேராது. அதைவிடப் பெரிய சிக்கல் தொடர்வரிசை: அல்காரிதம்ஸுக்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வேண்டும், அதற்கு டிஸ்க்ரீட் மேத்ஸ் வேண்டும். அவற்றில் ஒன்று இலையுதிர் பருவத்தில் மட்டும் நடந்தால் ஒரு வருடமே தள்ளிப்போகும். மூன்று பருவங்களுக்கு எது எப்போது என்று தாளில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படிப்பு நீண்டால், பல்கலைக்கழகம் தரும் மாணவர் தகுதிப் படிவமான ஐ-20-ஐயும் நீட்டிக்க வேண்டும். துறை மாற்றத்தை நியாயமான கல்விக் காரணமாக விதியே பெயர் சொல்லி ஏற்கிறது. மதிப்பெண் குறைந்து ப்ரொபேஷனில் இருந்ததை ஏற்பதில்லை. ஐ-20-இல் உள்ள முடிவுத் தேதிக்கு முன்பே கேட்க வேண்டும், கூடுதல் காலத்துக்கான நிதி ஆதாரமும் காட்ட வேண்டும். உதவியாளர் பணி இருந்தால் அது பழைய துறையின் பணம்; துறையோடு அதுவும் போய்விடும் என்றே கணக்குப் போடுங்கள்.

அடுத்தது சிஐபி குறியீடு, அதாவது பாடப்பிரிவுகளை வகைப்படுத்தும் எண். ஐ-20-இன் முதல் பக்கத்தில் பாடப்பிரிவுக்கு அருகில் இருக்கும் ஆறு இலக்க எண் அது. படிப்போடு தொடர்புடைய வேலை செய்ய அனுமதிக்கும் 12 மாத ஓபிடிக்குப் பிறகு, அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்புகளுக்கான 24 மாத ஸ்டெம் நீட்டிப்பு கிடைக்குமா என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கிறது. பொருளாதாரத்தையே பாருங்கள்: 45.0601 பொதுப் பொருளாதாரம், ஸ்டெம் பட்டியலில் இல்லை, 45.0603 எக்கனோமெட்ரிக்ஸ், பட்டியலில் உண்டு. பட்டத்தின் பெயரை வைத்து ஊகிக்காமல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மாஸ்டர்ஸ் முடித்து 12 மாத ஓபிடியையும் பயன்படுத்தியவர் இன்னொரு துறையில் இரண்டாவது மாஸ்டர்ஸ் சேர்ந்தால் புதிய ஓபிடி கிடையாது. ஒரு படிப்பு நிலைக்கு ஒன்றுதான். இது பலருக்குத் தாமதமாகத்தான் தெரியவருகிறது, மனம் வலிக்கிறது.

பட்டமேற்படிப்பு மாணவர்கள் நடுவில் படிப்பு மாறுவதையே தடுக்கும் ஒரு முன்மொழிவை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2025 ஆகஸ்டில் வெளியிட்டது. எனவே சீனியர் சொன்னதை நம்பி நகராமல், நீங்கள் படிவம் கொடுக்கும் நாளில் நடப்பில் உள்ள விதியை டிஎஸ்ஓவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதே பல்கலைக்கழகத்துக்குள் மாறினால் செவிஸ் எண் மாறாது. காலாவதியாகாத விசா முத்திரையும் அப்படியே செல்லும். புதிய ஐ-20-இல் கையெழுத்திட்டு, வெளிநாடு போகும் முன் அதன் இரண்டாம் பக்கத்தில் பயணக் கையெழுத்து வாங்குங்கள். பழைய ஐ-20-களைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பின்னாளில் விசா நிலை மாற்ற விண்ணப்பிக்கும்போது எல்லாவற்றையும் கேட்கலாம்.