கர்ப்பமாக அமெரிக்கா வந்திருக்கிறீர்கள், இன்சூரன்ஸ் இல்லையா?

முதலில் காலண்டரைப் பாருங்கள். வந்திறங்கிய தேதியைக் குறித்து வையுங்கள். இந்த ஊரில் கர்ப்பிணிக்கு இன்சூரன்ஸ் மறுக்கப்படுவது அபூர்வம். சேர வேண்டிய நாளைத் தவறவிட்டு மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

கணவருக்கோ மனைவிக்கோ வேலை விசா இருந்தால் கம்பெனி இன்சூரன்ஸ்தான் முதல் வழி. எச்-4 விசாவில் (வேலை விசாக்காரரின் கணவர் அல்லது மனைவிக்குத் தரப்படுவது) புதிதாக வருபவரைச் சேர்க்கப் பல கம்பெனிகள் 30 நாள்தான் தருகின்றன. வீடு பார்த்து, சாமான் வாங்கி, அப்புறம் பார்க்கலாம் என்றிருந்தால் அது ஓடிவிடும். வந்த வாரமே எச்.ஆருக்கு மெயில் போடச் சொல்லுங்கள். கர்ப்பத்தை மறைக்கத் தேவையில்லை. ஏற்கெனவே கர்ப்பம் என்று காரணம் காட்டி கம்பெனி பிளான் செலவை மறுக்கக் கூடாது என்று 1996-லேயே சட்டம் வந்துவிட்டது.

கம்பெனி வழி இல்லையென்றால், நாமே இன்சூரன்ஸ் வாங்கும் மத்திய அரசுத் தளமான ஹெல்த்கேர்.கவ், அல்லது அதே போன்ற உங்கள் மாநிலத்தின் சொந்தத் தளம் (மார்க்கெட்பிளேஸ்). சட்டப்படி குடியேறியவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்த 60 நாளுக்குள் இதில் சேரலாம். 2014 முதல் இந்த பிளான்கள் எல்லாமே பிரசவச் செலவை ஏற்றாக வேண்டும். 60 நாளும் போய்விட்டால்? கர்ப்பம் மட்டுமே காரணமாக மத்திய அரசின் தளத்தில் இடையில் சேர முடியாது. நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் விடுகின்றன. இன்னொன்று: 2027 முதல் எச்-4 உள்ளிட்ட எச் விசாக்காரர்களுக்கு இங்கே பிரீமிய மானியம் கிடையாது, முழுத் தொகையும் கட்ட வேண்டும்.

குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகெய்டுக்குக் கெடு எதுவும் இல்லை, வருடம் முழுக்க விண்ணப்பிக்கலாம். ஐ.டி. சம்பளத்துக்குப் பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் மாணவர் குடும்பங்களும் வேலை போனவர்களும் கட்டாயம் முயன்று பார்க்க வேண்டும். வயிற்றில் இருக்கும் குழந்தையையும் சேர்த்துக் இருவர் உள்ள குடும்பத்தை மூன்று பேராகக் கணக்கிடுவதால் வருமான வரம்பு கொஞ்சம் உயரும். கிரீன் கார்டு இல்லாத கர்ப்பிணிகளைச் சேர்ப்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸ், கலிபோர்னியா, இல்லினாய் போன்றவை வயிற்றிலிருக்கும் குழந்தையின் பெயரில், தாயின் விசாவைப் பார்க்காமலே உதவுகின்றன. எந்த மாநிலத்தில் என்ன என்று 211 என்ற உதவித் தொலைபேசி எண்ணை அழைத்தால் வழி சொல்வார்கள். பின்னால் கிரீன் கார்டுக்குச் சிக்கல் வருமா என்ற பயம் நியாயமானதே. அந்த விதிகள் ஆட்சிக்கு ஆட்சி மாறுகின்றன, அதை வாட்ஸ்அப் குழுவில் கேட்காமல் இமிக்ரேஷன் வக்கீலிடம் கேளுங்கள்.

ஊரிலிருந்து எடுத்துவரும் டிராவல் இன்சூரன்ஸை நம்பாதீர்கள். சாதாரணப் பிரசவத்துக்கு அது பெரும்பாலும் பணம் தராது.

விண்ணப்பம் முடிவாகும்வரை செக்கப்பைத் தள்ளிப்போட வேண்டாம். மத்திய அரசின் உதவி பெறும் சமுதாய சுகாதார மையங்களில் வருமானத்துக்கு ஏற்பத்தான் கட்டணம். வலி எடுத்துவிட்டால் எதையும் யோசிக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள். இன்சூரன்ஸ் இல்லையென்று திருப்பி அனுப்ப 1986-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது. பில் மட்டும் வரும். அதைப் பார்த்துப் பதறி உடனே கிரெடிட் கார்டைத் தேய்க்காதீர்கள். லாப நோக்கில்லாத மருத்துவமனைகளில் நிதியுதவித் திட்டம் இருந்தே ஆக வேண்டும், அந்த விண்ணப்பத்தை முதலில் கேட்டு வாங்குங்கள்.

குழந்தை பிறந்ததும் மறுபடி ஒரு 30 நாள் ஓடத் தொடங்கும், இந்த முறை குழந்தையைக் கம்பெனி பிளானில் சேர்க்க. சோஷியல் செக்யூரிட்டி எண் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதலில் சேர்த்துவிட்டு எண்ணைப் பிறகு கொடுக்கலாமா என்று எச்.ஆரிடம் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள்.