கறுப்பு உடுத்து வடசேரியில் பஸ் ஏறுவது எப்படி

கோத் (Goth) என்ற கறுப்பு உடைப் பாணியில் முதன்முதலாக வெளியே போன அன்று, நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஒரு அக்கா பரிவோடு கேட்டார்: “ஆருக்க வீட்டுல துட்டி, மக்களே?” துட்டி என்றால் எங்கள் ஊரில் சாவு.

இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். “யாருமில்லக்கா, எனக்குப் பிடிக்கும்” என்றால் போதும். சாத்தான் வழிபாடா என்று கேட்பவர்களுக்குத்தான் கொஞ்சம் விளக்க வேண்டும். கோத் 1970களின் கடைசியில் இங்கிலாந்தில், பங்க் இசைக்கு அடுத்து வந்த பாட்டுக்குழுக்களைச் சுற்றி வளர்ந்தது. 1982-இல் லண்டன் சோஹோவில் பேட்கேவ் என்ற கிளப் திறந்தது. அங்கே கூடியவர்களின் உடையும் பேர்பெற்றது. பாட்டுதான் முதலில், துணி அப்புறம். நான் ஞாயிற்றுக்கிழமை சபைப் பாடகர் குழுவில் பாடுவதும் இதே கறுப்புப் பாவாடையில்தான். “மனசு சரியில்லையா?” என்றும் கேட்பார்கள். மனசு சரியில்லாத வாரம் முழுக்க நான் நைட்டியில்தான் கிடந்தேன்.

சரி, துணி. படங்களில் வரும் வெல்வெட்டும் லெதரும் நம் புழுக்கத்துக்கு ஆகாது. கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போடுபவர்களுக்காகக் கடைகளில் கறுப்பு வேட்டி வந்து குவியும். அதில் எட்டு முழம் பருத்தி வேட்டி ஒன்று வாங்குங்கள். வேட்டியின் நீளத்தை இடுப்பில் சுருக்கினால் அகலம் அப்படியே பாவாடையின் உயரமாகிவிடும். உயரத்தில் மிஞ்சுவதை இடுப்பில் மடித்து நாடா கோர்க்கலாம். வெட்டவே வேண்டாம். அந்த இரண்டு மாதமும் ஊரில் பாதிப்பேர் கறுப்பில் திரிவதால் துட்டிக் கேள்வியும் குறையும்.

லேஸுக்கு வெளிநாட்டுக் கடையைத் தேடாதீர்கள். 1820களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மா நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கைவேலை தெரிந்த பாட்டிமார் வீட்டுப் பெட்டியில் ஒரு துண்டாவது கிடக்கும். வெள்ளையாகத்தான் இருக்கும். பருத்தி லேஸ் என்றால், பருத்திக்கான சாயப்பொடியும் உப்பும் போட்ட சுடுநீரில் முக்கிக் கறுப்பாக்கலாம். நைலான் லேஸில் அந்தச் சாயம் சரியாகப் பிடிக்காது. பாட்டியிடம் கேட்டுவிட்டு முக்குங்கள். நான் கேட்கவில்லை. ஆச்சி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “காலரைக் கோணலா தச்சிருக்க” என்று பிரித்துத் தைத்தாள்.

“இதெல்லாம் நம்ம ஊருக்குச் சேருமா?” என்பதுதான் கடைசியாக வரும் கேள்வி. பெண்கள் மார்பை மறைக்கத் தோள்சீலை போடப் போராடி, 1859-இல் திருவிதாங்கூர் அரசாணை வாங்கிய மண் இது; அதுவும் அரைகுறை அனுமதிதான். என் பாவாடையை அதோடு ஒப்பிடும் துணிச்சல் எனக்கில்லை. ஆனாலும் எந்த மாமா கேட்டாலும் அது நினைவுக்கு வரும். வாயைத் திறக்க மாட்டேன், பஸ் போய்விடும்.

துவைக்கும்போது உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, நிழலில் காயப்போடுங்கள். வெயில் பட்டால் கறுப்பு பழுப்பாகும். ஆரல்வாய்மொழியில் இறங்குவதாக இருந்தால் பாவாடை மடிப்பில் இரண்டு ஊக்கு குத்திக்கொள்ளுங்கள். அந்தக் காற்று கோத் என்றெல்லாம் பார்க்காது.