சந்தை மந்தமும் சொத்து வரி மனுவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ வீடு, மனை விற்பனை மந்தமாகும்போது, "என் வீட்டின் விலை இறங்கிவிட்டது, ஆகவே வரியைக் குறைக்க வேண்டும்" என்று நகராட்சிக்கு மனு எழுதத் தோன்றுவது இயல்பே. ஆனால் அந்த ஒற்றை வாதத்தை நம்பி மனு கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. தமிழ்நாட்டின் நகரங்களில் கட்டடத்துக்கான சொத்து வரி விற்பனை விலையைப் பார்த்து விதிக்கப்படுவதில்லை. கட்டடத்தின் பரப்பளவு, தெரு எந்த மண்டலத்தில் வருகிறது, குடியிருப்பா கடையா, கட்டடத்தின் வகை என்ன, வயது என்ன என்பவற்றைக் கொண்டே அது கணக்கிடப்படுகிறது. பத்திரப்பதிவுக்கான வழிகாட்டி மதிப்பு வேறு, இது வேறு. 2017இல் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டபோது, அதனால் சொத்து வரி குறைந்துவிடவில்லை.

ஆகவே சந்தையை விட்டுவிட்டு அளவைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டின் சீராய்வில், இந்த ஊர்களைப் போன்ற நகராட்சிகளில், 601 முதல் 1,200 சதுர அடி வரையிலான குடியிருப்புகளுக்கு 50 சதவீதமும், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதமும் வரி உயர்த்தப்பட்டது. 1,190 சதுர அடி வீடு ஏட்டில் 1,230 என்று பதிவாகியிருந்தால், 40 சதுர அடிக்கான கூடுதல் வரியோடு முடியாமல் உயர்வு விகிதமே மாறிவிடும். இடித்துவிட்ட பழைய ஓட்டுக் கட்டடம் இன்னும் கணக்கில் இருக்கிறதா, மூடிவிட்ட கடை இன்னும் வணிகப் பயன்பாடாகவே நிற்கிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும். கணக்கீட்டுத் தாளின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் வரை ஆகக்கூடும் என்பதால், அதற்காகக் காத்திருந்து அறிவிப்பில் குறித்துள்ள ஆட்சேபணைக் காலக்கெடுவைத் தவறவிடுவது அடுத்த தவறாகும்.

பில் கலெக்டரிடம் வாய்மொழியாக முறையிட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவதும் கூடாது. ஆணையர் பெயருக்கு எழுதிய மனுவோடு வரைபடம், பழைய ரசீது ஆகியவற்றை இணைத்துக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு பெற வேண்டும். பக்கத்து வீட்டின் வரியை ஒப்பிட்டு எழுதுவோர், இரு வீடுகளும் ஒரே மண்டலம், ஒரே வகை, ஏறத்தாழ ஒரே வயது என்று காட்ட முடியுமானால் மட்டுமே எழுதுவது நல்லது.

மனு நிலுவையில் இருக்கிறது என்று வரியை நிறுத்திவைப்பது கைக்காசைக் கரைக்கும் தவறு. காலம் கடந்தால் மாதம் ஒரு சதவீதம் வட்டி சேரும். மாறாக, அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. ஆட்சேபணையைத் தெரிவித்தபடியே வரியைக் கட்டிவிட்டு, அந்த ரசீதையும் மனுவின் நகலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.