பிள்ளைகள் கேட்டால் ஊர் பதில் சொல்ல வேண்டும்: பிள்ளை மையக் கல்வியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை மையக் கல்வி என்றவுடன் யாழ்ப்பாணத்தில் பலருக்கு ஆரம்பப் பிரிவு வகுப்பறைதான் நினைவுக்கு வரும். வட்டமாகப் போட்ட கதிரைகள், சுவர் முழுக்க நிறத்தாள், ஆடல் பாடல். 1990களின் கடைசியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை மூன்றையும் கலந்து கற்பிக்கச் சொன்னது. நல்ல காரியம். ஆனால் வகுப்பில் கேள்வி கேட்கப் பழகிய பிள்ளை வகுப்போடு நிற்காது. அந்தக் கேள்வி படலை தாண்டி வீட்டுக்கு வரும், கோயிலுக்குப் போகும், பிரதேச சபைக்கும் போகும். அங்கே யார் பதில் சொல்வது என்று நாங்கள் யோசித்து வைப்பதில்லை. சிறுவர் கழகம், சுகாதாரக் கழகம், சனசமூக நிலையம் என்று பிள்ளைகளோடு வேலை செய்கிற இடங்களில் நடக்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகின்றன.

பெரியவர்களின் சுலோகத்தைப் பிள்ளையின் கையில் கொடுப்பது

மாரி தொடங்கினால் டெங்கு வரும். டெங்கு வந்தால் ஊர்வலம் வரும். பதாகையில் என்ன எழுதுவது என்று பெரியவர்கள் தீர்மானிப்பார்கள், பிள்ளைகள் தூக்கிக்கொண்டு நடப்பார்கள், படம் எடுப்பார்கள், ஆளுக்கொரு சோடா கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அடுத்த நாள் போய்ப் பார்த்தால் ஒழுங்கை அப்படியே கிடக்கும். பிள்ளை படித்ததும் ஒன்றுமில்லை, ஊர் மாறியதும் இல்லை.

பிள்ளைகளால் ஊரின் சுகாதாரத்தை மாற்ற முடியும் என்பது புது யோசனை அல்ல. 1979 சர்வதேச சிறுவர் ஆண்டை ஒட்டி லண்டனில் டேவிட் மோர்லி என்ற சிறுவர் வைத்தியரும் ஹியூ ஹோஸ் என்ற கல்வியாளரும் ‘சைல்ட் டு சைல்ட்’ (பிள்ளையிடமிருந்து பிள்ளைக்கு) என்ற முறையைத் தொடக்கினார்கள். பிறகு அது பல நாடுகளுக்குப் பரவியது. அதன் படிகள் எளிமையானவை: பிரச்சினையைத் தெரிந்து விளங்கிக்கொள்வது, தங்கள் இடத்தில் அது எப்படி இருக்கிறது என்று தேடிப் பார்ப்பது, கண்டதை வைத்துக் கதைத்துத் திட்டம் போடுவது, செய்வது, செய்தது சரிவந்ததா என்று பார்ப்பது, அடுத்த முறை இன்னும் நன்றாகச் செய்வது. ஊர்வலம் நடத்துகிறவர்கள் முதல் மூன்று படிகளையும் விட்டுவிட்டு நேரே நாலாவதில் ஏறுகிறார்கள். பிள்ளையின் புத்தி வேலை செய்வது அந்த முதல் மூன்றில்தான்.

யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியில் ஒரு சிறுவர் கழகம் இதை ஒழுங்காகச் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். தரம் 4, 5 பிள்ளைகள். பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் தங்கள் ஒழுங்கையை வரைந்தார்கள்: வீடுகள், கிணறுகள், மதகு, வைரவர் கோயில். பிறகு பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வளவு வளவாகப் போய், தண்ணீர் தேங்கி நின்ற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார்கள். சிரட்டை, இளநீர்க் கோம்பை, ரயர், உடைந்த வாளி, பூச்சாடித் தட்டு. ‘வீட்டைத் துப்புரவாக வைத்திருப்போம்’ என்ற முடிவுக்குப் பிள்ளைகள் வருவார்கள் என்று பெரியவர்கள் எதிர்பார்த்தார்கள். ஆனால் புள்ளிகள் குவிந்திருந்தது ஆள் இல்லாத வளவுகளில். உரிமையாளர் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, பற்றை வளர்ந்து பூட்டிக் கிடக்கிற வளவுகள். மூடி இல்லாத தண்ணீர்த் தாங்கி, ஓலை விழுந்து அடைத்த பீலி.

ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: “அவை திருவிழாவுக்குக் காசு அனுப்புகினம்தானே, வளவு துப்புரவாக்கவும் அனுப்பச் சொல்லலாம்தானே?”

ஊர்க்கூட்டத்தில் பெரியவர்கள் கேட்கத் தயங்குகிற கேள்வி அது. பதாகையைக் கையில் கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளையின் வாயில் இது வந்திருக்காது.

கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் விடுவது

என் கணிப்பில் எல்லாவற்றிலும் மோசமான தவறு இதுதான். பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கருத்துக் கேட்போம், தாளில் எழுதி ஒட்டுவோம், கை தட்டுவோம். அந்தத் தாள் அலுமாரிக்குள் போய்விடும். இரண்டு தரம் இப்படி நடந்தால் போதும், கேட்டுப் பயனில்லை என்று பிள்ளை படித்துவிடும். அந்தப் பாடம் லேசில் மறக்காது.

ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயம் 1989இல் வந்தது, இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. தன்னைப் பாதிக்கிற விடயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று அதன் 12ஆம் உறுப்புரை சொல்கிறது. முதல் பாதியை எல்லா மேடையிலும் சொல்கிறார்கள், இரண்டாம் பாதியைக் காணோம்.

ஆகவே பிள்ளைகளிடம் எதையும் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லப் போகிறவரைப் பிடித்து வையுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், கிராம அலுவலர், சனசமூக நிலையத் தலைவர், யாராகவும் இருக்கட்டும். எந்தத் திகதிக்குள் பதில் வரும் என்று பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லட்டும். “முடியாது, இன்ன காரணம்” என்பதும் பதில்தான். அந்த வலிகாமம் ஊரில் சனசமூக நிலையத் தலைவர் பிள்ளைகளின் வரைபடத்தைப் படம் எடுத்து உரிமையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சிலர் காசு அனுப்பினார்கள், சிலர் மௌனமாக இருந்துவிட்டார்கள். எந்த வளவு துப்புரவாகும், எது இப்போதைக்கு ஆகாது, ஏன் ஆகாது என்று அடுத்த கூட்டத்தில் பிள்ளைகளிடமே சொன்னார். பிள்ளைகளுக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனால் தாங்கள் கேட்டது ஒரு இடத்துக்குப் போய் வந்திருக்கிறது என்று தெரிந்தது.

இன்னொன்று: பிள்ளை எழுதிய கடிதத்தை ‘மேற்படி விடயம் தொடர்பாக’ என்று திருத்தி எழுதாதீர்கள். எழுத்துப் பிழையோடு அதையே அனுப்புங்கள். வேண்டுமென்றால் பெரியவர்களின் கடிதம் ஒன்றை மேலே இணையுங்கள்.

ஒலிவாங்கி யாருக்கு, கதிரை தூக்குவது யார்?

பாடசாலைக்குள் நடக்கிற மாற்றம் ஊரை எவ்வளவு தூரம் உலுக்கும் என்று யாழ்ப்பாணத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு காலத்தில் இங்கே ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வகுப்பில் நிலத்தில் இருத்தப்பட்டார்கள். 1924இல் ஹன்டி பேரின்பநாயகம் முதலானவர்கள் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பிறகு யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் என்று பெயர் பெற்றது, சம ஆசனத்துக்கும் சம போசனத்துக்கும் குரல் கொடுத்தது. அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாரும் ஒரே வாங்கில் இருக்க வேண்டும் என்று வந்தபோது, 1930ஐ ஒட்டிய காலத்தில், சில பாடசாலைகளுக்குத் தீ வைத்தார்கள். பிள்ளைகள் ஒன்றாக இருப்பதைப் பெரியவர்களால் பொறுக்க முடியவில்லை.

இன்று வாங்கு பொதுவானதுதான். ஆனால் ஒரு தவணை முழுக்கக் கவனித்துப் பாருங்கள். விருந்தினர் வந்தால் பேசுவது யார், மாலை போடுவது யார், கதிரை தூக்குவதும் கூட்டுவதும் யார்? சிறுவர் கழகத் தலைவர் பதவி ஏன் திரும்பத் திரும்ப அதே சில வீடுகளுக்குப் போகிறது? “அந்தப் பிள்ளைதான் வடிவாகக் கதைக்கும்” என்பது வழக்கமான பதில். ஒலிவாங்கியே கையில் கிடைக்காத பிள்ளை எப்படிக் கதைக்கப் பழகும்? பொறுப்புகளைத் திருவுளச்சீட்டுப் போட்டு மாதத்துக்கு ஒரு தரம் மாற்றுங்கள். கூட்டும் வேலையையும் அதே சீட்டில் சேருங்கள்.

கூட்டம் வைக்கிற இடமும் நேரமும் ஆட்களை வடிகட்டும். சில குடும்பங்கள் கால் வைக்கத் தயங்குகிற கோயில் மடத்தில் வைத்தால் அந்தப் பிள்ளைகள் வரமாட்டார்கள், ஏன் வரவில்லை என்று சொல்லவும் மாட்டார்கள். பொழுதுபடுகிற நேரம் வைத்தால் பெண்பிள்ளைகள் இல்லை. ரியூசன் இல்லாத நாள் பார்த்து வைத்தால், தாய் கூலிக்குப் போக வீட்டில் தம்பி தங்கையைப் பார்க்கிற பிள்ளைக்கு அது சரிவருமா என்றும் கேட்க வேண்டும். வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒருவர் நடந்து போய்க் கேட்டால்தான் இதெல்லாம் தெரியவரும்.

ஆபத்தான வேலையைப் பிள்ளையின் தலையில் கட்டுவது

போதைப்பொருள், குடி, வீட்டு வன்முறை. “உன் அப்பாவைத் திருத்து” என்று பிள்ளையை அனுப்புவது பெரும் பிழை. அன்று இரவு அந்த வீட்டில் அடி விழுவது பிள்ளைக்குத்தான். கஞ்சா விற்கிறவர்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் தகவல் எடுப்பதும் அப்படித்தான். இவை பெரியவர்களும் பொலிசும் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர்களும் செய்ய வேண்டியவை. தனக்கு ஒன்று நடந்தால் 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம் என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் பிள்ளையின் பங்கு.

பிரம்பைப் பற்றி நீட்டத் தேவையில்லை. பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டாயிற்று. பிரம்பு இருக்கும் அறையில் பிள்ளை மனதில் உள்ளதைச் சொல்லாது.

பெற்றாரையும் பணத்தையும் பற்றி

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்காக ஓடுகிற தாயை எதிரியாகப் பார்க்காதீர்கள். அவரது பயம் நியாயமானது. அவரையும் பாடத்துக்குள் கூட்டிவர வழி உண்டு. கொலம்பியாவில் 1970களில் விக்கி கோல்பெர்ட் முதலானோர் கிராமங்களில் வளர்த்த ‘எஸ்குவேலா நுவேவா’ (புதிய பாடசாலை) என்ற பாடசாலைகளில் பிள்ளைகள் தங்கள் ஊரின் வரைபடத்தையும் பயிர்ச்செய்கை நாட்காட்டியையும் பெற்றாரிடம் கேட்டுக் கேட்டே ஆக்கினார்கள். தாய் தகப்பனுக்குத் தெரிந்தது பாடமாகியது. இங்கேயும் வெங்காயச் செய்கை, கடற்றொழில், கிணற்றுத் தண்ணீரின் உவர் என்று கேட்க எவ்வளவோ உண்டு. கேட்கப்பட்ட பெற்றார் கூட்டத்துக்கும் வருவார்கள்.

கடைசியாகப் பணம். சுனாமிக்குப் பிறகும் போருக்குப் பிறகும் எத்தனையோ திட்டங்கள் வந்தன. காசு முடிய ரீ-சேர்ட் மட்டும் மிஞ்சிய கழகங்கள் உண்டு. வெளிக்காசு இருக்கும்போதே கழகத்தைச் சனசமூக நிலையத்தோடு இணைத்து, நிர்வாகக் கூட்டத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு இடம் கொடுங்கள். அவர்களின் விடயத்தை நிகழ்ச்சி நிரலில் முதலாவதாகப் போடுங்கள். கடைசியில் போட்டால் அதற்கு முன்பே நேரம் போய்விடும், பிள்ளைகள் வீட்டுக்குப் போக வேண்டும். அவர்கள் கேட்டதையும் யார் பொறுப்பு எடுத்தார் என்பதையும் அறிக்கைக் கொப்பியில் எழுதி, அடுத்த கூட்டத்தில் அந்தப் பிள்ளைகளில் ஒருவரே வாசிக்கட்டும்.