சில்வண்டா, சுவர்க்கோழியா? மலையில சத்தத்தை வெச்சு பூச்சியைக் கண்டுபிடிக்கலாம் வாங்க

ஏப்ரல், மே சீசனுக்கு கோத்தகிரி, குன்னூர் பக்கம் வர்றவங்க "ஏதோ பூச்சி கத்துது"ன்னு பொதுவா சொல்லிட்டுப் போயிடுவாங்க, ஆனா ஒரே சாயங்காலத்துல மூணு நாலு வகை மாத்தி மாத்தி பாடிட்டு இருக்கும். எடுத்த உடனே அறிவியல் பேரைத் தேடாதீங்க, எந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுன்னு பிரிச்சாலே பாதி வேலை முடிஞ்சுது.

முதல்ல மணியைப் பாருங்க. நல்ல வெயில் நேரத்துல மரத்து உச்சில இருந்து மூச்சே விடாம "ரீங்ங்ங்"னு வந்தா பெரும்பாலும் அது சில்வண்டு (இங்கிலீஷ்ல சிக்காடா), பொழுது சாயுறப்ப கூட்டமா இன்னொரு ரவுண்டு கத்தும். கத்துறது ஆண்தான். வயிறு தொடங்குற இடத்துல ரெண்டு பக்கமும் வரிவரியா ஒரு சவ்வு இருக்கு, டின் மூடியை அமுக்கி விட்டா டக்குனு சத்தம் வருமே அது மாதிரி தசை அதை இழுத்து விடும், செகண்டுக்கு நூறு தடவைக்கு மேலயே. மரத்து அடிப்பக்கம் அது கழட்டிப் போட்ட காஞ்ச தோல் கூடு ஒட்டிட்டு இருந்தா இன்னும் நம்பிக்கையா சொல்லலாம்.

ரெண்டாவது, இருட்டினப்புறம் சத்தம் எந்த உயரத்துல இருந்து வருதுன்னு கவனிங்க. தரையில, கல்லுக்கட்டு சந்துல இருந்து சுத்தமா "க்ரீ க்ரீ"ன்னு வந்தா சுவர்க்கோழி (இங்கிலீஷ்ல கிரிக்கெட்). புதர்ல, செடி மேல இருந்து "சர்ர்க் சர்ர்க்"னு கரகரப்பா வந்தா இலை மாதிரி பச்சையா இருக்குமே அந்த ராத்திரி வெட்டுக்கிளியா இருக்கலாம். ரெண்டுமே முன் இறக்கையை ஒண்ணோட ஒண்ணு உரசித்தான் பாடுது, காது இருக்குறது முன்னங்கால்ல! தென்னிந்தியாவுல மெக்கோபோடான்னு ஒரு வெட்டுக்கிளி, பாத்தா எல்லாம் ஒரே அச்சு, ஆனா பாட்டு மட்டும் அஞ்சு விதமா இருக்குன்னு பெங்களூர் ஐஐஎஸ்சி ஆராய்ச்சிக்காரங்க 2006ல எழுதிருக்காங்க, அதுல ஒரு பாட்டுக்கு ஹெலிகாப்டர்னே பேரு. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் காதுக்குத் தெரியுது பாருங்க.

கோடை மழை ஒண்ணு பெஞ்சதும் சோலை ஓரத்துல "டிக் டிக் டிக்"னு கேக்குறதை பூச்சின்னு எழுதிடாதீங்க, அது நகத்தளவு புதர்த்தவளையா இருக்க வாய்ப்பு அதிகம்.

மலையில இன்னொரு சிக்கல் குளிர். பூச்சிக்கு உடம்புச்சூடு வெளியில இருந்துதான் வரணும், அதனால ஒரே சுவர்க்கோழி அடிவாரத்துல இருக்குற கல்லாறுல வேகமா பாடும், மேல ஊட்டில இழுத்து இழுத்து பாடும். 1897ல டால்பேர்னு ஒரு அமெரிக்கர் கத்துற எண்ணிக்கையை வெச்சு வெப்பநிலை சொல்ல ஒரு ஃபார்முலாவே போட்டார், அது அந்த ஊர்ப் பூச்சிக்கு, இங்க போட்டுப் பாக்காதீங்க. வேகத்தை விட்டுட்டு பேட்டர்னைப் பிடிங்க: விடாம இழுக்குதா, விட்டு விட்டு வருதா, ரெண்டு ரெண்டா வருதா?

அடுத்து போன். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் வேண்டாம், அது சத்தத்தைச் சுருக்கிடும், ரெக்கார்டர்ல சுருக்காத வேவ் (WAV) ஃபார்மட் வெச்சு அரை நிமிஷமாவது எடுங்க. சத்தத்தைப் படமா காட்டுற ஸ்பெக்ட்ராய்டு மாதிரி ஒரு ஆப்ல ஓட விட்டா சுவர்க்கோழி பெரும்பாலும் 2ல இருந்து 8 கிலோஹெர்ட்ஸுக்குள்ள ஒரு மெல்லிசு கோடா விழும், வெட்டுக்கிளி அகலமா தீட்டிவிட்ட மாதிரி பரவும். வயசானவங்களுக்கு ரொம்ப கீச்சுன்னு இருக்குறது காதுல விழாது, ஆனா ஸ்கிரீன்ல தெரியும். மெர்லின் ஆப் பறவைக்குத்தாங்க, பூச்சிக்கு உதவாது.

ஆளை நேர்ல பாக்கணும்னா தள்ளித் தள்ளி ரெண்டு பேர் நின்னு சத்தம் வர்ற திசையைக் கை நீட்டிக் காட்டுங்க, ரெண்டு கையும் சந்திக்குற இடத்துல தேடலாம். கிட்ட போனா நிறுத்திடும், அசையாம நின்னா திரும்ப ஆரம்பிக்கும். ராத்திரி டீ எஸ்டேட்டுக்குள்ள மட்டும் இறங்காதீங்க, காட்டுமாடு நிக்கும், வீட்டு வாசல்ல நின்னு கேட்டாலே நிறைய கிடைக்கும். எடுத்த ஆடியோவை ஐநேச்சுரலிஸ்ட்ல (உயிரினங்களைப் பதிவு பண்ணி பேர் கேக்குற இணையதளம்) போடுறப்ப நேரம், உயரம், தரையா மரமான்னு ஒரு வரி சேத்துடுங்க, சந்தேகமா இருந்தா வெறும் "சில்வண்டு"ன்னு போட்டாலும் போதும், தெரிஞ்சவங்க வந்து பேர் சொல்லுவாங்க.