மானிடவியல் ஆய்வேட்டை நூலாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முனைவர் பட்ட ஆய்வேட்டை அட்டை மட்டும் மாற்றிப் பதிப்பகத்துக்கு அனுப்புகிறவர்கள் இன்றும் உண்டு. ஆய்வேடு தேர்வாளருக்காக எழுதப்பட்டது. துறை நமக்குத் தெரியும் என்று நிரூபிப்பது அதன் வேலை. நூல் வாசகருக்கு அந்த நிரூபணம் வேண்டாம். முன்னாய்வுகளைத் தொகுக்கும் இயலை அப்படியே நீக்குங்கள். வாதத்துக்கு உதவுபவற்றை மட்டும் உரிய இடங்களில் சேருங்கள். குறிப்புகளும் நூற்பட்டியலும் உட்பட 80,000 முதல் 1,00,000 சொற்கள் வரை என்பதே ஆங்கிலத்தில் வெளியிடும் பல கல்விப் பதிப்பகங்களின் எதிர்பார்ப்பு.

நூலை வெளியிடக் கேட்டுப் பதிப்பகத்துக்கு அனுப்பும் முன்மொழிவில் 'இத்தலைப்பில் வேறு நூலே இல்லை' என்று எழுதாதீர்கள். பதிப்பாசிரியர் அதை 'வாசகரும் இல்லை' என்றுதான் படிப்பார். நெருங்கிய நூல்கள் நான்கைந்தைக் காட்டி, உங்களுடையது எங்கே விலகுகிறது என்று சொல்லுங்கள். முன்மொழிவைப் பல இடங்களுக்கு அனுப்புவது தவறில்லை, அதை மறைக்காத வரை. முழுப் பிரதியைச் சொல்லாமல் இரண்டு பதிப்பகங்களின் மதிப்பீட்டுக்குக் கொடுப்பதுதான் பெயரைக் கெடுக்கும்.

சமகாலத்தை எழுதுவோர் அதிகம் சறுக்குவது காலத்தில். மதிப்பீடு, திருத்தம், அச்சு எல்லாம் முடிய இரண்டு ஆண்டு எளிதில் ஓடிவிடும். 'இப்போது', 'அண்மையில்' என்று எழுதியவை அதற்குள் பழசாகிவிடும். களப்பணி நடந்த ஆண்டுகளை முன்னுரையிலேயே குறிப்பிட்டு, வாதத்தை நேற்றைய செய்தியின் மேல் கட்டாமல் விடுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, பெயரை மாற்றினால் ஆளை மறைத்துவிட்டோம் என்ற நம்பிக்கை. 1958இல் வெளிவந்த ஓர் அமெரிக்கச் சிற்றூர் ஆய்வில் ஊருக்கு 'ஸ்பிரிங்டேல்' என்று புனைபெயர். ஊரார் தங்களை உடனே இனங்கண்டுகொண்டார்கள். ஜூலை 4 விடுதலை நாள் ஊர்வலத்தில் நூலில் வந்த புனைபெயர்களைச் சூட்டிக்கொண்டு நூலைக் கேலி செய்தார்கள். இன்று தேடுபொறியே போதும்: சமூக ஊடகப் பதிவை வரி மாறாமல் மேற்கோள் காட்டினால் எழுதியவர் யாரென்று நொடியில் தெரியும். தேவைப்பட்டால் கருத்தைச் சுருக்கிச் சொல்லுங்கள். தொழில், வயது, குடும்ப விவரம் மூன்றும் சேர்ந்து ஒருவரைக் காட்டிக்கொடுக்கிறதா என்று பாருங்கள். ஆய்வுக்குத் தந்த ஒப்புதல் படம் அச்சிடுவதற்கும் செல்லும் என்று எண்ண வேண்டாம். படம், பாடல் வரி ஆகியவற்றுக்கு அனுமதி வாங்குவதும் கட்டணம் கட்டுவதும் பெரும்பாலும் ஆசிரியர் தலையில்தான் விழும். படங்கள் அச்சிடும் அளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருக்க வேண்டும்.

கடைசியாக, பக்க மெய்ப்பு (அச்சுக்கு முன் சரிபார்க்க வரும் பக்கங்கள்) வந்தபின் புதுப் பத்தி சேர்க்காதீர்கள். பக்கங்கள் நகரும், அவற்றை நம்பித் தயாரித்த பொருளடைவின் (நூலின் கடைசியில் வரும் சொல், பக்க எண் பட்டியலின்) எண்கள் எல்லாம் பிசகும், கூடுதல் திருத்தச் செலவை ஆசிரியரிடமே வசூலிக்க ஒப்பந்தத்தில் இடமிருக்கக்கூடும்.